திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை, 120 சென்டிமீட்டரில்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் கும்பகோணத்துக் கடைத்தெருவில் மூவண்ண ரிப்பனும், சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜும், கைக்கொடியும் கொத்துக் கொத்தாகத் தொங்கத் தொடங்கிவிடும். பள்ளியில் கொடியேற்றம் பார்த்து, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகளிடம் அந்த நாளைப் பற்றிக் கேட்டால், காந்தியும் நேருவும் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள் என்பதற்கு மேல் ஒரு சொல் வருவது அரிது. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளும் மூன்று ஆண்டுகளாக அதையேதான் சொல்லிவந்தாள். இந்த ஆண்டு ஜூலைக் கடைசியில், கும்பகோணத்தில் நாங்கள் வழக்கமாக நோட்டுப் புத்தகம் வாங்கும் எழுதுபொருள் கடையில், சுதந்திர தினத்துக்கென்று தயாரித்த கைவினைப் பெட்டி ஒன்று இருந்தது. விலை 480 ரூபாய். பெட்டி வாங்கியவர்களின் பிள்ளைகளுக்குக் கடையின் மாடியில் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேர வகுப்பும் உண்டு என்றார்கள். மகளுக்காகவும், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகனுக்காகவும் ஒரு பெட்டி வாங்கினேன். அதில் குறைகளும் இருப்பதாலும், அவற்றைக் கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டதாலும், கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

பெட்டிக்குள் இருந்தவை இவை: திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரையிலான பாதை அச்சிட்ட ஒரு தாள்சுருள், வெட்டி நிறுத்தும் காகிதத் தொண்டர்கள், சாலையோர மரம் ஒன்று, உப்புப் பாத்திக்கான தகரத் தட்டு, கொடி செய்வதற்கான தாள்கள், தில்லையாடி வள்ளியம்மையின் பொம்மை செய்யக் களிமண் அடிப்பாகமும் காகிதமும், தலைவர்களின் முகமூடி அட்டை, ஒரு சிறு கையேடு. மூன்று வாரம் இவற்றோடு பழகிய பிறகு எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. எந்தப் பொருளைச் செய்யும்போது பிள்ளை அளக்கவோ, காத்திருக்கவோ, ஒரு முடிவு எடுக்கவோ வேண்டியிருந்ததோ, அந்தப் பொருளோடு சேர்ந்த வரலாறு அவர்கள் மனத்தில் தங்கியது. வண்ணம் தீட்டி ஒட்டினால் போதும் என்று இருந்தவற்றை மறுநாளே மறந்துவிட்டார்கள்.

தாள்சுருளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1930ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று காந்தியடிகள் சபர்மதியிலிருந்து தண்டிக்குப் புறப்பட்டதைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 13 அன்று, ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த அதே தேதியில், திருச்சியில் டாக்டர் தி. சே. சௌ. ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள் என்பது, அந்தச் சாலையிலேயே குடியிருக்கும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் இருப்பது வலங்கைமானில்.

சுருளின் நீளம் 120 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 2 கிலோமீட்டர் என்ற அளவில் 240 கிலோமீட்டர் பாதையை அதில் வரைந்திருக்கிறார்கள். ஏப்ரல் 13இல் புறப்பட்டவர்கள் 28இல் வேதாரண்யம் சேர்ந்தார்கள். பதினைந்து நாள் என்று வைத்துக்கொண்டால் சராசரியாக ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர், சுருளில் 8 சென்டிமீட்டர். கையேட்டில் கண்ட யோசனையின்படி ஜூலை 31 மாலை தொடங்கி, தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்கேலை வைத்து 8 சென்டிமீட்டர் அளந்து, காகிதத் தொண்டர்களை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 14 மாலை அவர்கள் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாம் நாளே மகளுக்குச் சலிப்புத் தட்டியது. "இன்னும் தஞ்சாவூரே வரலையே, ஒரேடியா கொண்டுபோய் வெச்சிடலாமா?" என்று கேட்டாள். வைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு முன்பே அண்ணன் மகன், "அவங்க என்ன பஸ்ஸுலயா போனாங்க?" என்றான். 16 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு என்று பிறகு அவர்களே கணக்குப் போட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அது. அதைச் சித்திரை வெயிலில், ஒவ்வொரு நாளும் நடந்திருக்கிறார்கள். ஏழாம் நாள் தொண்டர்கள் வலங்கைமானைத் தொட்டபோது, எங்கள் தெரு இருக்கும் இடத்தில் மகள் ஒரு வீடு வரைந்து, வாசலில் கோலமும் போட்டுவிட்டாள். சுருளில் இல்லாத வீடு அது. அவள் கையிலிருந்து நான் பென்சிலை வாங்கவில்லை.

சுருளில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. பாதையின் பின்னணியில் இன்றைய மாவட்ட எல்லைகளை அச்சிட்டு, திருவாரூர் மாவட்டம், நாகப்பட்டினம் மாவட்டம் என்று பெயரும் போட்டிருக்கிறார்கள். நாகப்பட்டினம் 1991இலும், திருவாரூர் 1997இலும், மயிலாடுதுறை 2020இலும் பிறந்த மாவட்டங்கள். 1930இல் திருச்சி மாவட்டத்தைத் தாண்டினால் வேதாரண்யம் வரை எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம்தான். இது வெறும் வரைபடக் குறை என்று விட்டுவிட முடியவில்லை. தஞ்சாவூர்க் கலெக்டராக இருந்த தார்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி, தொண்டர்களுக்குச் சோறு போடுபவர்களும் தங்க இடம் தருபவர்களும் சிறைக்குப் போக நேரிடும் என்று ஊர் ஊராக எச்சரித்ததைக் கையேடு சொல்கிறது. சுருளைப் பார்த்த அண்ணன் மகன், "தஞ்சாவூர்க் கலெக்டர் பேச்சை மன்னார்குடிக்காரங்க ஏன் அத்தே கேக்கணும்? அவங்களுக்குத் திருவாரூர்க் கலெக்டர்தானே?" என்று கேட்டுவிட்டான். மிகச் சரியான கேள்வி. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் எல்லையைப் பென்சிலால் வரைந்து காட்டிய பிறகுதான், அந்த ஒரே உத்தரவின் நிழலில் தொண்டர்கள் எத்தனை நாள் நடந்திருக்கிறார்கள் என்பது அவனுக்குப் பிடிபட்டது. அடுத்த அச்சில் இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

அந்த உத்தரவைச் சனிக்கிழமை வகுப்பில் கற்றுக்கொடுத்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பை நடத்தியவர் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பிள்ளைகள் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன்பாக, ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தண்டோரா போடுவது போலத் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றி வந்து, உப்பெடுக்கப் போகிறவர்களுக்குச் சோறு கொடுத்தால் சிறை என்று அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ராத்திரி உங்க வீட்டு வாசல்ல நூறு பேர் பசியோட உட்கார்ந்திருக்காங்க. என்ன செய்வீங்க? யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஒரு சீட்டுல எழுதி மடிச்சு வெச்சுக்குங்க" என்றார். அதன் பிறகே பெட்டியிலிருந்த மரத்தை எடுக்கச் சொன்னார். அன்று இந்த வழியிலிருந்த மக்கள், நேரில் கொடுத்தால்தானே குற்றம் என்று, சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பதையும், காவிரிக் கரையில் உணவை ஒளித்து வைத்துவிட்டு இருக்கும் இடத்தைச் சைகையால் காட்டினார்கள் என்பதையும் சொன்னபோது, இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்த அறையில் ஒரு சத்தமில்லை. கும்பகோணத்தில் தொண்டர்களை வரவேற்று இடமளித்த பந்துலு ஐயர் அதற்காகச் சிறை சென்றார் என்றதும், தங்கள் சீட்டில் என்ன எழுதினோம் என்று ஒவ்வொரு பிள்ளையும் மறுபடி பிரித்துப் பார்த்தது.

இத்தனை நல்ல பாடத்துக்குப் பெட்டியில் கொடுத்திருந்த மரம் பொருத்தமாக இல்லை. அடியில் அகன்று நுனியில் கூம்பும் மரம் அது. பனிமலைப் படங்களில் பார்ப்பது போல இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் அப்படி ஒரு மரத்தை யாரும் கண்டதில்லை. கிளை வெளியே நீளாததால் பொட்டலம் கட்டித் தொங்கவிடவும் இடமில்லை. நாங்கள் அதை ஒதுக்கிவிட்டு, பழைய அட்டைப்பெட்டியில் ஒரு புளியமரம் வெட்டினோம். பொட்டலத்துக்கென்று கொடுத்திருந்த பச்சை நிறப் பளபளப்புத் தாளைப் பார்த்த என் மாமியார், "இதுல எப்படிச் சோறு கட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டு, கொல்லையிலிருந்து ஒரு வாழையிலையை அறுத்து வந்தார். இலையை அடுப்புத் தணலில் இரு பக்கமும் காட்டி, நிறம் கருத்துப் பளபளப்பு ஏறும்வரை வாட்டினார்; வாட்டாத இலை மடித்தால் கிழிந்துவிடும் என்பது பிள்ளைகளுக்குப் புதிய செய்தி. உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு போட்டு, புளிச்சோறு ஒரு கரண்டி வைத்து, நான்கு பக்கமும் மடித்து, ஊறவைத்த வாழைநாரால் கட்டினார். அப்படிக் கட்டிய ஆறு பொட்டலங்களும் எங்கள் அட்டைப் புளியமரத்தில் ஒரு மணி நேரம் தொங்கின. ஏன் புளிச்சோறு என்று மகள் கேட்டாள். மறுநாள் வரை கெடாது, வழியில் போகிறவர்களுக்கு அதைத்தான் கட்டிக்கொடுப்பார்கள் என்றார் மாமியார். கையேட்டில் இந்த ஒரு பக்கம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

காகிதத் தொண்டர்களை விசிறிபோல மடித்து ஒரே வெட்டில் பத்துப் பத்தாக வெட்டியெடுக்கலாம். பத்துத் தாள், நூறு பேர். எளிமையான யோசனை, நன்றாகவும் வருகிறது. ஆனால் முன்வரிசைத் தொண்டரின் கையிலிருக்கும் கொடியில் அசோகச் சக்கரம் அச்சிடப்பட்டிருக்கிறது. அசோகச் சக்கரம் பொறித்த கொடியை அரசியல் நிர்ணய சபை ஏற்றது 1947 ஜூலை 22 அன்று. 1930இல் காங்கிரஸ் தொண்டர்கள் ஏந்திய கொடியில் இருந்தது இராட்டை. கையேட்டின் வேறொரு பக்கத்தில், கொடியை வடிவமைத்த பிங்கலி வெங்கையாவைப் பற்றியும் கொடி மாறி வந்த கதையைப் பற்றியும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். எழுதியவரும் படம் வரைந்தவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை போலும். ஒரு நல்ல ஆசிரியர் கையில் இந்தப் பிழையே பாடமாகிவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் தனியாக வீட்டில் செய்யும் பிள்ளை, படத்தில் இருப்பதைத்தான் நம்பும்.

சக்கரம் செய்யும் பகுதி, முழுப் பெட்டியிலும் மிகவும் யோசித்துச் செய்தது. பெரும்பாலான கொடிக் கைவினைகளில் சக்கரத்தை அச்சிட்டே கொடுத்துவிடுவார்கள், ஒட்டினால் முடிந்தது. இங்கே ஒரு வெள்ளை வட்டத் தாளைக் கொடுத்து, மடித்தே 24 ஆரங்களை வரவழைக்கச் சொல்கிறார்கள். அண்ணன் மகன் பாதியாக மடித்தான், மறுபடி பாதி, மறுபடி பாதி. பிரித்துப் பார்த்தால் எட்டுப் பங்கு. இன்னொரு முறை மடித்தால் பதினாறு, அதற்கும் மேல் மடித்தால் முப்பத்திரண்டு. இருபத்துநான்கு வரவே இல்லை. இரண்டு வட்டம் வீணான பிறகு, எட்டாக மடித்த துண்டைப் பாதியாக்காமல் மூன்றாக மடிக்க வேண்டும் என்பதை அவனாகவே கண்டுபிடித்தான். மூன்று மடிப்பும் சமமாக அமைய, பாகைமானியை வைத்து ஒவ்வொன்றுக்கும் 15 பாகை அளந்துகொண்டான். கருநீலப் பேனாவால் மடிப்புக் கோடுகளின் மேல் வரைந்து முடித்தபோது, சக்கரத்துக்கு எத்தனை ஆரம் என்று இனி அவனிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை என்று தோன்றியது. உபரி வட்டங்கள் இரண்டுக்குப் பதிலாக ஐந்து கொடுத்திருக்கலாம்.

அப்படிப் பாடுபட்டுச் செய்த சக்கரத்தை ஒட்டுவதற்குக் கொடுத்த கொடித்தாள்தான் ஏமாற்றம் தந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தபோது அது 15 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் இருந்தது. தேசியக் கொடியின் நீளமும் அகலமும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று கையேட்டின் அதே பக்கம் சொல்கிறது. அதன்படி 15க்கு 10 இருந்திருக்க வேண்டும். வெள்ளைப் பட்டையும் மற்ற இரண்டைவிடச் சற்று அகலம். நாங்கள் வேறு தாளில், ஒவ்வொரு பட்டையும் 3 சென்டிமீட்டர், நீளம் 13.5 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு வெட்டிக்கொண்டோம். இதோடு, மூவண்ணமும் சக்கரமும் அச்சிட்ட காகிதத் தட்டுகள் நான்கை இலவச இணைப்பாக வைத்திருக்கிறார்கள், அவற்றில் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுக்கலாம் என்று. கொடியைக் கைக்குட்டையிலோ கைதுடைக்கும் துணியிலோ அச்சிடக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் கொடி விதிகள் சொல்கின்றன. சாப்பிட்டுவிட்டுக் குப்பையில் எறியப்போகும் தட்டு மட்டும் எப்படிப் பொருந்தும்? காகிதக் கொடிகளை விழா முடிந்ததும் தரையில் போட்டுவிட்டுப் போகக் கூடாது, எடுத்துவைத்துத் தனியிடத்தில் மரியாதையோடு அகற்ற வேண்டும் என்பதையும் கையேடு ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். ஆகஸ்ட் 16 காலையில் நம் ஊர்த் தெருக்களைப் பார்ப்பவர்களுக்கு இந்த வரியின் தேவை புரியும்.

உப்புப் பாத்திக்கு வருகிறேன். முப்பதுக்கு இருபது சென்டிமீட்டர் அளவுள்ள கறுப்புத் தகரத் தட்டு ஒன்றும், நடுவே பாத்தி பிரிக்க அட்டைத் துண்டுகளும் இருக்கின்றன. கடலோரத்தில் இல்லாதவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பு இருந்தது. கடல்நீரில் ஏறக்குறைய அந்த அளவு உப்புதான் இருக்கிறது என்பதால் அது சரியான குறிப்பே. எங்களுக்கு அண்ணன் தரங்கம்பாடியிலிருந்து ஒரு கேனில் கடல்நீரே கொண்டுவந்துவிட்டார். துணியில் வடிகட்டி, ஒரு லிட்டரைத் தட்டில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்தோம். அட்டைத் தடுப்புகள் அரை மணி நேரத்தில் ஊறிக் குழைந்துவிட்டன. தண்ணீரில் நிற்க வேண்டிய தடுப்பை அட்டையில் செய்வானேன்? களிமண்ணால் வரப்புக் கட்டிக்கொண்டோம். இரண்டு நாளில் உப்பு விளையும் என்று கையேடு சொல்கிறது, எங்களுக்கு நான்கு நாள் ஆனது. நடுவே ஒரு மாலை மேகம் கூடியபோது இரண்டு பேரும் வீட்டுப் பாடத்தைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடித் தட்டை உள்ளே தூக்கி வந்தார்கள். மழை வந்தால் உப்பளத்துக்காரர்களுக்கு என்ன ஆகும் என்ற பேச்சு அன்றைக்குத் தானாக வந்தது. மூன்றாம் நாள் பிற்பகலில் தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நான்காம் நாள் சாயங்காலம் சுரண்டியெடுத்துச் சமையலறைத் தராசில் வைத்தால் 33 கிராம்.

மகள் ஒரு துகளை நாக்கில் வைத்துப் பார்த்து, "கசக்குதும்மா" என்றாள். உப்பளத்தில் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, சமையலுப்பு படிந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். நாங்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் காயவிட்டதால் அந்தக் கசப்பும் உப்போடு தங்கிவிட்டது. இது கையேட்டில் இல்லை, நான்தான் சொன்னேன். ஆனால் கையேட்டில் இருக்கும் அடுத்த கேள்வி மிக நல்ல கேள்வி: கடலும் வெயிலும் சும்மா கிடைக்கும்போது, இந்த உப்பை நீ எடுத்தது எப்படிக் குற்றமாகும்? 1882ஆம் ஆண்டின் உப்புச் சட்டத்தையும், அரசுக்கு வரி செலுத்தாமல் யாரும் உப்பு எடுக்கவோ விற்கவோ கூடாது என்றிருந்ததையும், ஏழையும் பணக்காரனும் ஒரே வரியைச் சுமந்ததையும் இரண்டு பக்கத்தில் எளிமையாக விளக்கியிருக்கிறார்கள். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பை அள்ளியதும் கைதாகி, ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார் என்று மகள் வாசித்தபோது, எங்கள் 33 கிராம் உப்பு மேசைமேல் ஒரு கிண்ணத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கா?" என்றாள்.

தில்லையாடி வள்ளியம்மை பொம்மையைப் பற்றி எனக்கு இரு மனம். தஞ்சாவூர்ப் பொம்மை வகையில், அடிப்பாகம் உருண்டு கனத்து, எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும் பொம்மையின் அமைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். களிமண் அடிப்பாகத்தின் மேல் கூம்புக் காகிதத்தை நிறுத்தி, மைதாப் பசையில் தோய்த்த காகிதக் கீற்றுகளை அடுக்கடுக்காக ஒட்டி, இரண்டு நாள் காயவைத்து வண்ணம் தீட்ட வேண்டும். நம் மண்ணின் கைத்தொழிலும் நம் மண்ணின் பெண்ணும் ஒன்றுசேரும் இடம் அது என்று மகிழ்ந்தேன். தரங்கம்பாடிக்குப் பக்கத்திலுள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோருக்கு 1898இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, கிறித்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்ற தீர்ப்பையும் இந்தியத் தொழிலாளர்மீது சுமத்திய மூன்று பவுண்டு தலைவரியையும் எதிர்த்து 1913இல் நடந்த போராட்டத்தில் தாயோடு சேர்ந்து சிறை சென்று, அங்கே நோயுற்று, விடுதலையான சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த பெண்ணின் கதையைக் கையேடு உருக்கமாகவே சொல்கிறது. 1915இல் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்ததையும் குறிப்பிடுகிறது. ஆனால் பொம்மையின்மேல் ஒட்டக் கொடுத்திருக்கும் ஆடைத்தாள், வழக்கமான ராஜா ராணிப் பொம்மைக்குரிய சரிகையும் அட்டிகையும் கிரீடமும். சிறையில் மெலிந்த பெண்ணுக்கு அட்டிகை எதற்கு? மகள் அதை ஒட்ட மறுத்துவிட்டு, வெள்ளைப் புடவையில் சாயம்போன நீலக் கரை ஒன்று தீட்டினாள். பொம்மை இப்போது அவளுடைய படிப்பு மேசையில் இருக்கிறது. போகிற வருகிறவர்கள் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறார்கள், அதுவும் எழுந்து நிற்கிறது.

முகமூடி அட்டைகளில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. காந்தி, நேரு, பாரதியார், நேதாஜி என்று நான்கு முகம். வெட்டி, ரப்பர் கோத்து, போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் துரத்தி விளையாடினார்கள். அந்த அட்டைகளுக்கான செலவில், வேதாரண்யத்திலேயே நடந்த வேறு கதைகளைச் சேர்த்திருக்கலாம். முடி திருத்தும் வைரப்பன், தன்னிடம் முகம் மழிக்க உட்கார்ந்திருப்பவர் சத்தியாகிரகிகளை அடக்க வந்த காவலர் என்று அறிந்ததும், பாதி மழித்த நிலையிலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்ட கதையை எந்தப் பிள்ளை மறக்கும்? அவர் நினைவைப் போற்றும் சின்னம் வேதாரண்யத்தில் இருக்கிறது. அந்தச் சத்தியாகிரகத்தில் பங்கேற்றுச் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதியும், தொண்டர்களுக்கு ஊரில் பக்கபலமாக நின்ற சர்தார் வேதரத்தினமும் கையேட்டில் ஆளுக்கு ஒரு வரியோடு முடிந்துவிடுகிறார்கள். நூறு காகித உருவங்களில் எல்லாமே ஒரே ஆண் உருவம்.

வகுப்பைப் பொறுத்தவரை, ஆசிரியையின் திறமையைப் பற்றி மேலே சொன்னதே போதும். ஆனால் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு அவர் ஒருவரே. ஆறு வயதுப் பிள்ளைகளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்ததால், சிறியவர்கள் கத்தரிக்கோலோடு திணறியபோது பெரியவர்கள் சும்மா காத்திருந்தார்கள். உதவிக்கு இன்னும் ஒருவரை வைத்து, எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குத் தனி நேரம் ஒதுக்கினால் நல்லது. பெட்டியின் மேல் ஆறு முதல் பன்னிரண்டு வயது என்று போட்டிருந்தாலும், அளவெடுக்கத் தெரிந்த எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கே இதை நான் சொல்வேன். கையேட்டின் தமிழ் தெளிவாக இருக்கிறது, எழுத்து மட்டும் மிகச் சிறியது. பசைக் குப்பி காய்ந்துபோயிருந்தது. வீட்டில் மைதாவைக் காய்ச்சிக்கொள்வதே மேல்.

480 ரூபாய் அதிகமா என்று அண்ணி கேட்டார். இரண்டு பிள்ளைகள் பதினைந்து மாலைகள் தொலைக்காட்சிப் பக்கம் போகாமல் ஒரு தாள்சுருளின் முன்னால் உட்கார்ந்திருந்ததை வைத்துப் பார்த்தால் அதிகமில்லை என்றேன். முகமூடியையும் தட்டுகளையும் எடுத்துவிட்டு 400 ரூபாய்க்குக் கொடுத்தால், பள்ளிகளே மொத்தமாக வாங்கலாம். குறைகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தபோது கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கிப் படித்தார். மாவட்ட எல்லையையும் கொடியின் அளவையும் அடுத்த அச்சில் திருத்துவதாகச் சொன்னார். இன்னும் சில பெட்டிகள் கைவசம் இருக்கின்றன, காந்தி ஜெயந்தி வரை வகுப்பும் தொடரும் என்றார். வாங்குகிறவர்கள் புரட்டாசி முடிவதற்குள் வாங்கி, முதல் வேலையாக உப்புத் தட்டை மாடியில் வைத்துவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அப்புறம் தை பிறக்கும் வரை நம் பக்கத்தில் உப்புக் காய வெயில் கிடைக்காது.